ஹார்மோன் மேல் பழி

போன வருடம் ஒரு கல்யாண விருந்து. வட்ட மேசையில் பத்துப் பேர், எல்லாரும் சொந்தம். எனக்கு அக்கா முறையாகும் ஒருத்தியைப் பற்றிப் பேச்சு வந்தது. முப்பது தாண்டிவிட்டது, நல்ல வேலை, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கல்லூரித் தோழியோடு சேர்ந்து வீடு வாங்கி அதிலேயே இருக்கிறாள். மேசையில் இருந்த அத்தை கோழிப் பிரட்டலை எடுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: “அவளுக்கு ஹார்மோன்ல ஏதோ கோளாறு இருக்கும்பா. நல்ல டாக்டரா பார்த்துக் காட்டினா சரியாயிடும்.” எல்லாரும் தலையாட்டினார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பேசாமல் இருந்தது பிறகு உறுத்தியது. என் வேலை கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. கழிவுநீரில் கலந்து, உயிர்களின் உடம்புக்குள் ஹார்மோன்போல நடிக்கும் ரசாயனங்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தில் தொட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பாடத்தைத் தேடிப் போனபோதுதான் கலிபோர்னியா கடலில் இருக்கும் ஒரு சின்னத் தீவின் கதை கிடைத்தது. அத்தை சொன்ன அதே வாக்கியத்தை ஐம்பது வருடத்துக்கு முன் கடற்காகங்களைப் பார்த்துச் சிலர் யோசித்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தலையாட்டிவிட்டுப் போகவில்லை, ரத்தத்தை எடுத்து அளந்து பார்த்தார்கள்.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்தே தொடங்கணும்.

*

காளையைக் காயடித்தால் சாதுவாகிவிடும் என்பது ஊர் உலகமெல்லாம் ஆயிரக்கணக்கான வருடங்களாகத் தெரிந்த விஷயம். ஏன் சாதுவாகிறது என்பதுதான் தெரியாது. 1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆர்னால்ட் பெர்தோல்ட் என்ற மருத்துவப் பேராசிரியர் ஆறு சேவல் குஞ்சுகளை எடுத்துக்கொண்டார். இரண்டுக்கு விரைகளை முழுவதுமாக நீக்கினார். அவை கொண்டை சிறுத்து, கூவாமல், சண்டை போடாமல் வளர்ந்தன. மற்றவற்றில் விரையை அதன் இடத்திலிருந்து பிரித்து, வயிற்றுக்குள் குடலுக்கு நடுவே வைத்துத் தைத்தார். அவை சேவலாகவே வளர்ந்தன. கூவின, சண்டை போட்டன, பெட்டையைத் துரத்தின. பிறகு அறுத்துப் பார்த்தபோது, இடம் மாறிய விரைக்குப் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தன. பழைய நரம்புத் தொடர்பு இல்லை. அப்படியென்றால் சேவலைச் சேவலாக்கும் ஏதோ ஒன்று ரத்தம் வழியாகப் போகிறது. இதைச் சில பக்கங்களில் எழுதி வெளியிட்டார். பல காலத்துக்கு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அந்த ‘ஏதோ ஒன்று’க்குப் பெயர் வைத்தது லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங், 1905-இல். தூண்டிவிடுவது என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஹார்மோன்’ பிறந்தது. 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் காளை விரைகளிலிருந்து டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தார்கள். அதே காலத்தில் அதைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியும் கண்டுபிடிக்கப்பட்டது. ஊசியில் ஏற்றினால் நடத்தை மாறும் என்பது இப்போது கையில் பிடிக்கக்கூடிய விஷயமாகிவிட்டது.

கையில் கிடைத்ததும் மனிதர்கள் என்ன செய்தார்கள்? வியன்னாவில் ஒய்கன் ஸ்டைனாக், முதல் உலகப் போர்க் காலத்திலேயே, ஆண்களை நாடும் ஆண்களுக்கு வேறு ஆண்களின் விரைத் திசுவை ஒட்டவைத்து ‘சரிசெய்ய’ முடியும் என்று நம்பினார். அந்தச் சிகிச்சை பலிக்கவில்லை. 1952-இல் இங்கிலாந்தில் ஆலன் டியூரிங் இதே காரணத்துக்காகக் குற்றவாளிக் கூண்டில் நின்றார். கணினித் துறையில் இருக்கிற யாரும் அவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது. சிறைக்குப் போகிறாயா, பெண் ஹார்மோன் ஏற்றிக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். ஹார்மோனை ஏற்றுக்கொண்டார். 1954-இல் இறந்துபோனார். அத்தை சொன்ன “டாக்டர்கிட்ட காட்டினா சரியாயிடும்” என்ற ஒரு வரிக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

*

இப்போது தீவுக்குப் போகலாம்.

சான்டா பார்பரா தீவு தெற்குக் கலிபோர்னியாக் கரையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பரப்பளவு இரண்டரைச் சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். அங்கே மேற்கத்தியக் கடற்காகங்கள் கூட்டம் கூட்டமாகத் தரையில் கூடு கட்டும். வெள்ளை உடம்பு, கரும் சாம்பல் இறக்கை, மஞ்சள் அலகின் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி. ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருக்கும். ஆண் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஜோடி சேர்ந்தால் வருடா வருடம் அதே ஜோடிதான். ஒரு கூட்டில் வழக்கமாக மூன்று முட்டை வரை இருக்கும், இரண்டும் மாறி மாறி அடை காக்கும்.

1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹன்ட், மோலி ஹன்ட் தம்பதியினர் இந்தத் தீவில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சில கூடுகளில் நான்கு, ஐந்து, ஆறு என்று முட்டைகள் கிடந்தன. ஒரு பெட்டையால் அத்தனை முட்டை இட முடியாது. அந்தக் கூடுகளின் சொந்தக்காரப் பறவைகளைப் பிடித்து, சின்ன அறுவை செய்து உள்ளே பார்த்தார்கள். இரண்டிலும் சினைப்பை இருந்தது. இரண்டும் பெண்.

1977 ஜூன் 24 அன்று ‘சயின்ஸ்’ இதழில் அவர்களுடைய கட்டுரை வந்தது. தீவில் இருந்த ஜோடிகளில் 14% வரை பெண்–பெண் ஜோடிகள். அடுத்த வருடமும் அதே ஜோடியாகத் திரும்பி வந்தன. எல்லை காத்தன, அடை காத்தன, சில பறவைகள் ஆண் செய்யும் சடங்குகளையும் செய்தன. பெரும்பாலான முட்டைகள் பொரியவில்லை. சில முட்டைகள் மட்டும் கருக்கொண்டிருந்தன. அதாவது அந்தப் பெட்டைகள் எப்போதோ பக்கத்துக் கூட்டு ஆணோடு சேர்ந்திருக்கின்றன. ஆனால் குடித்தனம் இன்னொரு பெண்ணோடு.

பறவைகளிடம் இப்படிப் பார்த்ததை எழுதுவது சாதாரண விஷயமில்லை. 1911–12-இல் ஸ்காட்டின் அண்டார்டிகாப் பயணத்தில் மருத்துவராகப் போன ஜார்ஜ் மரே லெவிக், அடேலி பென்குயின்களிடம் ஆண்–ஆண் உறவு உட்படத் தன்னை அதிரவைத்த பல காட்சிகளைப் பார்த்தார். யாரும் எளிதில் படித்துவிடக் கூடாது என்று குறிப்பேட்டில் சில பகுதிகளைக் கிரேக்க எழுத்தில் எழுதிவைத்தார். ஊர் திரும்பிய பிறகு அந்தப் பகுதி மட்டும் ‘வெளியீட்டுக்கு அல்ல’ என்ற குறிப்போடு நூறு பிரதிகள் அச்சாகி, சில நிபுணர்களிடம் மட்டும் போனது. பொதுவில் அது வெளியானது 2012-இல். நூறு வருடம் பூட்டிக் கிடந்த குறிப்பு!

ஹன்ட் தம்பதியினர் பூட்டி வைக்கவில்லை. ஆனால் அவர்கள் கட்டுரை வந்த நேரத்தைப் பாருங்கள். அதற்கு இரண்டரை வாரம் முன்னால்தான், ஜூன் 7 அன்று, புளோரிடாவின் டேட் மாவட்டத்தில் ஒருபால் ஈர்ப்பாளர்களுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பை மக்கள் ஓட்டுப் போட்டு நீக்கியிருந்தார்கள். பாடகி அனிதா பிரயன்ட் நடத்திய பிரசாரம் அது. அடுத்த வருடமே கலிபோர்னியாவில் இப்படிப்பட்ட ஆசிரியர்களைப் பள்ளியிலிருந்து நீக்க ஒரு சட்ட முன்மொழிவு வந்து தோற்றது. ‘இது இயற்கைக்கு விரோதம்’ என்று மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருந்த நாட்களில், ‘இதோ தீவில் இருக்கிறதே’ என்று இரண்டு பறவையியலாளர்கள் வந்து நின்றார்கள். ஒரு பக்கம் கொண்டாட்டம், இன்னொரு பக்கம் அரசுப் பணத்தில் இதற்கா ஆராய்ச்சி என்ற கோபம். டாம் வில்சன் வெயின்பர்க் என்பவர் இந்தப் பறவைகளை வைத்து ஒரு பாட்டே எழுதிவிட்டார். 1996-இல் ஒரு கார்ட்டூன் படத்துக்காக அதைப் பாடியவர் எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க். அவர் பிறந்தது மெட்ராஸில். இந்தக் கதையில் இப்படியொரு மெட்ராஸ் தொடர்பு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

*

சத்தமெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அறிவியலுக்கு முன்னால் ஒரு நேரடியான கேள்வி இருந்தது: அந்தப் பெண் பறவைகளின் ஹார்மோனில் ஏதாவது கோளாறா? ஆண் ஹார்மோன் அதிகமாகிப்போய்த்தான் ஆண்போல நடந்துகொள்கின்றனவா?

இருபது வருடம் முன்னால் இப்படிக் கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்காது. ஒரு பறவையின் ரத்தத்தில் ஹார்மோன் அவ்வளவு சொற்பம். 1950களின் கடைசியில் நியூயார்க்கில் சாலமன் பெர்சனும் ரோசலின் யாலோவும் கதிரியக்கத்தை வைத்து மிக நுண்ணிய அளவுகளையும் அளக்கும் முறையை உருவாக்கினார்கள். அதற்கான நோபல் பரிசு யாலோவுக்குக் கிடைத்ததும் இதே 1977-இல்தான். பெர்சன் அதற்குள் இறந்துவிட்டார். சியாட்டில் நகரில் ஜான் விங்ஃபீல்டும் டொனால்ட் ஃபார்னரும் இந்த முறையைப் பறவைகளுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். பறவையைக் கொல்ல வேண்டாம், கூண்டில் அடைக்க வேண்டாம். பிடித்து, இறக்கை நரம்பிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, விட்டுவிடலாம். ஹார்மோனை ஆய்வகத்திலிருந்து வெளியே, காற்றும் எச்சமும் சண்டையுமாக இருக்கும் உண்மையான இடத்துக்குக் கொண்டுவந்த வேலை இது.

விங்ஃபீல்டும் ஹன்டும் சேர்ந்து தீவுப் பறவைகளின் ரத்தத்தை அளந்தார்கள். 1980-இலும் 1982-இலும் முடிவுகள் வந்தன. மேற்கத்தியக் கடற்காகப் பெண்களிடம் பொதுவாகவே ஆண் ஹார்மோன் தாராளமாக இருந்தது. ஆணோடு ஜோடி சேர்ந்த பெண்ணிடமும் அப்படித்தான், பெண்ணோடு ஜோடி சேர்ந்த பெண்ணிடமும் அப்படித்தான். பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறவளிடம் அது கூடுதலாக இல்லை. கோளாறு என்று சுட்டிக்காட்ட ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்புறம் எதனால்? தலைகளை எண்ணிப் பார்த்தார்கள். தீவில் பெண் பறவைகள் அதிகம், ஆண்கள் குறைவு. ஒரு குஞ்சை வளர்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கடலுக்குப் போனால் இன்னொருவர் முட்டைமேல் உட்கார வேண்டும். இல்லையென்றால் பக்கத்துக் கூட்டுக்காரனே முட்டையைத் தின்றுவிடுவான். ஆண் கிடைக்காத பெண்ணுக்கு இரண்டு வழிதான்: சும்மா இருப்பது, இல்லையென்றால் இன்னொரு பெண்ணோடு சேர்ந்துகொள்வது. இந்த ஊகத்தை மைக்கேல் கோனோவரும் ஹன்டும் பரிசோதித்தார்கள். வேறு கடற்காக இனங்களின் கூட்டங்களில் ஆண்களை எடுத்துவிட்டார்கள். பெண்–பெண் ஜோடிகள் கூடின. இது 1984-இல் வெளிவந்தது.

சரி, தீவிலிருந்த ஆண்கள் எங்கே போனார்கள்?

*

இந்த இடத்தில்தான் கதை என் துறைக்குள் வந்து விழுந்தது.

லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் டோரன்ஸ் என்ற இடத்தில் மான்ட்ரோஸ் என்ற ரசாயன ஆலை 1947-இலிருந்து டிடிடி தயாரித்தது. அதன் கழிவு ஊர்ச் சாக்கடையில் கலந்து, சுத்திகரிப்பு நிலையம் வழியாக, பாலோஸ் வெர்டெஸ் கரையோரம் கடலுக்குள் போனது. 1950களின் கடைசியிலிருந்து 1970களின் தொடக்கம் வரை அந்தக் குழாய் வழியாகக் கடலுக்குப் போன டிடிடி சுமார் 1,700 டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் முறைகள் மலத்துக்கும் உணவுக் கழிவுக்கும் உருவாக்கப்பட்டவை. அங்கே இருக்கும் பாக்டீரியா அவற்றைத் தின்னும். டிடிடியைத் தின்னாது. அது தண்ணீரிலும் கரையாது, கொழுப்பில் கரையும். சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு, மீனிலிருந்து பறவைக்கு, பறவையிலிருந்து முட்டையின் மஞ்சள் கருவுக்கு என்று சேர்ந்துகொண்டே போகும். 1970-இல் பக்கத்து அனகாபா தீவில் கூழைக்கடாக்கள் 552 கூடு கட்டின. முட்டை ஓடு மெலிந்துபோய், உட்கார்ந்ததும் நொறுங்கியது. அந்த வருடம் பிழைத்தது ஒரே ஒரு குஞ்சு.

டிடிடி ஓட்டை மெலிய வைப்பதோடு நிற்கவில்லை. 1950-இலேயே பர்லிங்டன், லிண்டமன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இளம் சேவல்களுக்கு டிடிடி ஊசி போட்டுப் பார்த்தார்கள். விரை வளரவில்லை, கொண்டை சிறுத்தது. பெர்தோல்டின் சேவல்களுக்கு நூறு வருடம் கழித்து, கத்தி இல்லாமலே காயடித்ததுபோல் ஆகிவிட்டது. டிடிடியில் கலந்திருக்கும் ஒரு வகை மூலக்கூறு, பெண் ஹார்மோனுக்கான பூட்டில் கள்ளச் சாவிபோல நுழைந்துகொள்கிறது.

பறவைகளில் பால் உருவாவது நமக்கு நேர் எதிர். பறவைக் கருவில் பெண் ஹார்மோன் சுரந்தால் சினைப்பை வரும், சுரக்காவிட்டால் விரை வரும். ஆண் கரு வளரும் முட்டைக்குள் வெளியிலிருந்து ஒரு கள்ளச் சாவி வந்து சேர்ந்தால்? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மைக்கேல் ஃப்ரை, கைலர் டூன் இருவரும் இதைச் செய்து பார்த்தார்கள். 1971-இல் கடற்பறவை முட்டைகளில் காணப்பட்ட அதே அளவு டிடிடியைக் கடற்காக முட்டைகளுக்குள் ஏற்றினார்கள். ஆண் கருக்களில் சினைப்பைத் திசுவும் முட்டைக்குழாயும் முளைத்தன. 1981 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ இதழில் அது வந்தது. இப்படி வளர்ந்த ஆண்களால் இனப்பெருக்கம் செய்ய முடியாமல் போயிருக்கலாம், சான்டா பார்பரா தீவில் ஆண்கள் குறைந்ததற்கு இது காரணமாக இருக்கக்கூடும் என்று எழுதினார்கள். ‘கூடும்’ என்ற சொல்லை நான் விட்டுவிட விரும்பவில்லை. முட்டைக்குள் நடந்தது நிரூபணம். தீவில் நடந்தது அதிலிருந்து எடுத்த ஊகம்.

ஆக, அத்தை சொன்னதுபோல ஹார்மோன் கோளாறு ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் எல்லாரும் விரல் நீட்டிய அந்தப் பெண் பறவைகளிடம் அது இல்லை. கூட்டத்துக்கு வந்து சேராத ஆண்களிடம், அவை முட்டைக்குள் இருந்தபோதே, ஒரு குழாய் வழியாக வந்து சேர்ந்திருந்தது.

1972-இல் அமெரிக்காவில் டிடிடிக்குத் தடை வந்தது. அதன் பிறகும் அந்த ஆலை 1982 வரை வெளிநாடுகளுக்காகத் தயாரித்துக்கொண்டுதான் இருந்தது. டிடிடி என்றால் விஷம் என்று மட்டும் நம்மால் சொல்லிவிட முடியாது. மலேசியாவில் 1967-இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது வீட்டுச் சுவர்களில் அடித்தது அதைத்தான். தோட்டத்து லயத்தில் மருந்தடிக்க ஆள் வந்தால் பாத்திரம் பண்டமெல்லாம் வெளியே எடுத்து வைக்கணும் என்று பாட்டி சொல்வார். சுவரெல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்குமாம். அந்த மருந்தால் காய்ச்சலில் சாகாமல் தப்பியவர்களும் உண்டு. சுவரில் அளந்து அடிப்பதும் டன் கணக்கில் கடலில் விடுவதும் ஒன்றாகாது. இருந்தாலும் இரண்டு இடத்திலும் அன்றைக்கு யாரும் முட்டைக்குள் என்ன நடக்கிறது என்று யோசித்திருக்க மாட்டார்கள். ஹார்மோனைக் குழப்பும் ரசாயனங்களுக்கு ஒரு பொதுப் பெயர் கிடைக்கவே 1991 ஆகிவிட்டது. விஸ்கான்சின் மாநிலத்தில் தியோ கோல்பார்ன் கூட்டிய ஒரு சந்திப்பில்தான் அந்தப் பெயர் பிறந்தது.

*

இங்கே நிறுத்தினால் ஒரு தப்பான பாடம் மிஞ்சும். ‘பார்த்தீர்களா, விஷத்தால்தான் பெண்ணோடு பெண் சேர்கிறது’ என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். இணையத்தில் அப்படிப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அவர்களுக்காகவே ஹவாயியின் ஓவாஹு தீவு இருக்கிறது. அங்கே கயெனா முனையில் லேசான் அல்பட்ராஸ்கள் கூடு கட்டும். ஆணையும் பெண்ணையும் கண்ணால் பிரிக்க முடியாது. லின்ட்சே யங்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் மரபணுச் சோதனை செய்து 2008-இல் வெளியிட்டார்கள்: அந்தக் கூட்டத்தின் ஜோடிகளில் 31% பெண்–பெண் ஜோடிகள். வேறு தீவுகளிலிருந்து அங்கே வந்து குடியேறியவற்றில் பெண்கள் அதிகம் என்பதால் கூட்டத்தில் 59% பெண்கள். டிடிடி கதை எதுவும் அங்கே தேவைப்படவில்லை. ஆண்–பெண் ஜோடிகள் அளவுக்கு அவற்றால் குஞ்சுகளை வளர்க்க முடியவில்லைதான். ஆனால் தனியாக இருந்து ஒன்றும் வளர்க்காமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஹவாயியிலேயே இன்னொரு தீவில் ஒரு பெண் ஜோடி 19 வருடம் சேர்ந்து வாழ்ந்ததும் பதிவாகியிருக்கிறது.

ஆக, ஆண் குறைவதற்குக் காரணம் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஓரிடத்தில் விஷமாக இருக்கலாம், இன்னோரிடத்தில் குடியேற்றம். சூழ்நிலைக்குத் தகுந்தாற்போல் குடும்பத்தை அமைத்துக்கொள்ளும் திறமை அந்தப் பறவைகளிடம் முன்பே இருந்திருக்கிறது.

விங்ஃபீல்டும் இதே திசையில்தான் போனார். 1990-இல் அவரும் மூன்று சக ஆய்வாளர்களும் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். ஆண் பறவையின் டெஸ்டோஸ்டிரோன் நிலையாக இருந்துகொண்டு அதைச் சண்டைக்குத் தள்ளுவதில்லை. எல்லைக்குள் இன்னொரு ஆண் நுழைந்தால் ஏறுகிறது, குஞ்சு பார்த்துக்கொள்ளும் காலத்தில் இறங்குகிறது. ஹார்மோன் நடத்தையை உண்டாக்குவதுபோலவே, சுற்றி இருப்பவர்கள் நடந்துகொள்ளும் விதமும் ஹார்மோனை உண்டாக்குகிறது. எங்கள் பாஷையில் சொன்னால், இது ஒரு சுவிட்ச் அல்ல, பின்னூட்டம் உள்ள ஒரு வளையம். ஒரு வளையத்தில் ஒரு புள்ளியை மட்டும் பிடித்து ‘இதுதான் காரணம்’ என்று சொன்னால் எந்தப் பொறியியல் தேர்விலும் மதிப்பெண் கிடைக்காது.

பறவைகளை வைத்து மனிதர்களை நியாயப்படுத்த வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கடற்காகம் பக்கத்துக் கூட்டுக் குஞ்சையும் தின்னும். அதைப் பார்த்து நாம் எதையும் கற்றுக்கொள்வதில்லை. என் அக்காவுக்குத் தீவுப் பறவையின் சிபாரிசும் தேவையில்லை. அவள் ஏன் அப்படி வாழ்கிறாள் என்பது எனக்குத் தெரியாது, நான் கேட்டதுமில்லை. ஆள் கிடைக்காததால் அவள் தோழியோடு இருக்கிறாள் என்று நினைத்தால் அது அத்தை செய்ததைவிட மோசமான தப்பு.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, கேள்வி நகர்ந்து போன விதம். ‘இவளுக்கு என்ன கோளாறு’ என்பதில் தொடங்கினார்கள். அளந்தார்கள். கோளாறு இல்லை என்று தெரிந்ததும் அதை மறைக்காமல் வெளியிட்டு, கேள்வியை அவளைவிட்டு வெளியே, தீவுக்கு, கடலுக்கு, கடைசியில் ஒரு சாக்கடைக் குழாய்க்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பத்து வருடம் ஆனது. மேசையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு ஒரு கரண்டி பிரட்டல் எடுத்துப் போடும் நேரம்தான் ஆனது.

அடுத்த கல்யாணம் வருகிறது. அதே அத்தை வருவார், அதே பேச்சும் வரும். “ரத்தம் எடுத்துப் பார்த்தீங்களா அத்தை?” என்று கேட்கலாம் என்றிருக்கிறேன். சிரித்துக்கொண்டேதான் கேட்பேன். ஆனால் கேட்பேன்.